பாடியில் இருந்த நம்பர்

குன்னூர்
10.6.2024

அன்புள்ள மாப்பிள்ளை சங்கிலிக்கு,

முத்துராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் விஜயாவும் ஏதோ சுகம்தான். உங்கள் சுகத்துக்கும் தங்கச்சி செல்வியின் சுகத்துக்கும் எழுதவும். வலது காதும் மந்தமாகிவிட்டது, போனை எடுத்தால் பேசாமல் அவளிடமே நீட்டிவிடுகிறீர்கள் என்று செல்வி சொன்னாள். அதனால்தான் கடிதம்.

முப்பத்தாறு வருடம் பேசாமல் இருந்துவிட்டு மச்சான் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். என்.சி.சி. பிள்ளைகள் பரேடுக்கு எடுக்கிற துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கும் வேலை. எல்லாம் செத்த துப்பாக்கிகள். குழலில் ஓட்டை போட்டு, ஊசியை வெட்டி, வெள்ளைப் பட்டை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம், சுட முடியாது. கிட்டத்தட்ட நம் கதைதான்.

பன்னிரண்டில் பதினொன்று பழைய .303. மார்ச் மாதம் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் பட்டாளத்தில் நாம் தூக்கிய எஸ்.எல்.ஆர். அதிலும் சாதாரண எஸ்.எல்.ஆர். இல்லை. லீவரில் மூன்றாவது இடம் இருக்கிற, விசையை அழுத்தினால் விடாமல் சுடுகிற வகை. நம் கம்பெனியில் அது இரண்டு பேர் கையில்தான் இருந்தது, ஒன்று உங்களிடம். அதைக் கையில் எடுத்தபோது உங்கள் நினைப்பு வந்தது.

அதன் வரலாறு உங்களுக்கும் தெரிந்ததுதான். பெல்ஜியத்துக்காரன் சரக்கு. பாதி உலகம் அவனிடம் லைசென்ஸ் வாங்கி அதைச் செய்தது. இங்கிலாந்துக்காரன் மில்லிமீட்டரை அங்குலமாக்கிச் செய்துகொண்டான். நம் ஆட்கள் இரண்டையும் பிரித்துப் போட்டு அளந்து, அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் எடுத்து, அடிக்கட்டையில் பழைய .303க்கு இருந்த மாதிரியே எண்ணெய்ப் புட்டி வைக்கிற சின்னக் கதவையும் சேர்த்து, நமக்கென்று ஒன்று செய்தார்கள். லைசென்ஸ் சங்கதியில் முதலில் தகராறு வந்து அப்புறம்தான் தீர்ந்தது என்று ட்ரெய்னிங்கில் வாத்தியார் சொல்வார். கூடக் கேள்வி கேட்டால், "உனக்கு எதுக்குடா அதெல்லாம், ஸ்க்ரூவைப் பிடி" என்பார். ஆனாலும் நல்ல துப்பாக்கி மாப்பிள்ளை. கீலைத் தட்டினால் டிபன் பாக்ஸ் மாதிரித் திறக்கும். சேற்றில் புரட்டி எடுத்தாலும் வேலை செய்யும்.

உங்கள் துப்பாக்கியின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கும் அண்ணன் சேலை வந்துவிடும் என்று செல்வியிடம் சொல்லுங்கள். என்ன கலர் வேண்டும் என்று கேட்டு எழுதவும்.

இப்படிக்கு,
முத்துராஜ்


சேரங்கோடு
2.7.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சங்கிலி எழுதுவது. இங்கே சுகம். அங்கே உங்கள் சுகமும் விஜயா அக்கா சுகமும் அறிய ஆவல்.

ஜூன் ஐந்தில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. போன வாரம் எங்கள் எஸ்டேட் லயத்தின் கடைசி வீட்டுத் தகரத்தை யானை இழுத்துப் போட்டுவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. செல்விக்கு முழங்கால் வலி. ஆனாலும் கொழுந்து பறிக்கப் போகிறாள். ரிட்டையர் ஆக இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

நம்பர் ஞாபகம் இல்லை. வயதாகிவிட்டது.

கலர் எதுவானாலும் சரி என்கிறாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். நன்றாக இருக்கிறது என்பேன்.

இப்படிக்கு,
சங்கிலி


குன்னூர்
20.7.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை. செல்வியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். விஜயாவுக்குக் கேட்டது. சூடு பண்ணித் தேய்க்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கியைப் பற்றி இன்னொன்று எழுத விட்டுப்போயிற்று. அதைப் பிரித்துத் துடைத்தபோது பார்த்தேன். பாடியில் ஒரு நம்பர், கேரியரில் வேறொரு நம்பர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. வண்டிக்கு சேசிஸ் நம்பர் எப்படியோ அப்படித்தான் துப்பாக்கிக்குப் பாடி நம்பர். கேரியர் என்பது உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற துண்டு, கழற்றி மாட்டுவது. கேரியரிலும் பாடியின் நம்பரையே அடித்திருப்பார்கள், ஜோடி மாறக் கூடாது என்பதற்காக. இரண்டு துப்பாக்கியை ஒன்றாகக் கழுவுகிறவன் அசந்தால் ஜோடி மாறிப்போகும். மாறினாலும் துப்பாக்கி சுடும். அதனால் யாருக்கும் உடனே தெரியாது.

இரண்டு நம்பரையும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே எழுதவில்லை. உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லையே.

குளிருக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முத்துராஜ்


சேரங்கோடு
11.8.2024

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். தைலம் வந்தது. வலி குறைந்திருப்பதாகச் செல்வி சொல்கிறாள்.

அவள் கொழுந்துக்குப் போயிருக்கிற நேரத்தில் எழுதுகிறேன். போன கடிதத்தில் பொய் எழுதிவிட்டேன். தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஏ.டி. 7316. கேரியரில் இருப்பது 5208 என்றால் அது சில்வஸ்டருடையது. குண்டடி பட்டுச் செத்தானே, அந்த சில்வஸ்டர். கம்பெனியில் அந்த வகை வைத்திருந்த இன்னொருவன் அவன்தான்.

அமைதிப்படையில் போயிருந்தபோது யாழ்ப்பாணத்தில் நடந்த விசாரணையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி துப்பாக்கி எங்கே என்பதில்லை. எங்கே பிறந்தாய் என்று கேட்டார்கள். சிலோனில் மஸ்கெலியா, பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அதோடு விசாரணை முடிந்துவிட்டது மச்சான். மற்றதெல்லாம் பேப்பருக்காக. என் கையில் இருந்த துப்பாக்கியின் பாடி நம்பர் 5208. செத்தவன் துப்பாக்கி டிப்போவுக்குப் போய்விட்டதாகக் காகிதம் சொல்கிறது. 7316ஐக் காணோம். அப்படியானால் இந்த சிலோன்காரன் தன் துப்பாக்கியை அங்கிருக்கிற இயக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை சரியாக இருக்கட்டும் என்று செத்தவன் துப்பாக்கியைத் திருடி, தன் கேரியரை மாட்டி வைத்துக்கொண்டான். பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நீங்கள் சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தீர்கள். கம்பெனித் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்துக் கொடுக்கிறவர் என்று உங்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
சங்கிலி


குன்னூர்
15.10.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லோரும் சுகமா? இரண்டு மாதமாகப் பதில் எழுத முடியவில்லை. விஜயாவுக்குக் கண் ஆபரேஷன், கோயம்புத்தூருக்கும் இங்கேயுமாக அலைச்சல். பிறகு எனக்குச் சளி. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து ஒரு நாள் முழுக்க வண்டி இல்லை. ஏலத்தில் தேயிலை விலை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். ஏறி என்ன, நம் வீட்டு டீத்தூள் இறங்கவா போகிறது.

செல்விக்குச் சேலை அனுப்பியிருக்கிறேன். இலைப்பச்சை, மெரூன் பார்டர். பிடித்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்லவும்.

பள்ளிக்கூடத்துத் துப்பாக்கிகளை எல்லாம் டிசம்பரில் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார்களாம். இனிமேல் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக்கில் வருமாம். பழையதை இரும்பாக வெட்டி உருக்கிவிடுவார்களாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி வாழ்த்துகள்.

இப்படிக்கு,
முத்துராஜ்


சேரங்கோடு
6.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கச்சி செல்வி எழுதுவது. உங்கள் சுகமும் அண்ணி கண் எப்படி இருக்கிறது என்பதும் அறிய ஆவல். சேலை வந்தது. கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்காவிடம் காட்டினேன். "உனக்கு அண்ணன் வாய்ச்ச மாதிரி ஆருக்கு வாய்க்கும்" என்றது. என் தலைத் தீபாவளிக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் சேலையில் தொடங்கி ஒன்றைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை அண்ணா. கிழிந்ததையும் மடித்துத்தான் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் எது இல்லாமல் போனாலும் அந்தப் பெட்டி நிறைந்திருக்கும்.

போனில் கேட்கக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன். நீங்கள் இவருக்கு என்ன எழுதுகிறீர்கள்? ஆகஸ்டிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு ரோட்டில் போய் நிற்கிறார். தபால்காரர் கையை விரித்ததும் திரும்பி வருகிறார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறார். பட்டாளத்துச் சங்கதி என்றால் அதைக் கிளறாதீர்கள் அண்ணா. லயத்தில் பாதிப் பேர் இவர் துப்பாக்கியை நம் பையன்களுக்குக் கொடுத்தார் என்று கும்பிடுகிறார்கள், பாதிப் பேர் சோறு போட்ட நாட்டுக்குத் துரோகம் செய்தவன் என்கிறார்கள். இரண்டுக்கும் இவர் வாய் திறப்பதில்லை. எங்கள் பெரியவனைப் பட்டாளத்தில் எடுக்காமல் திருப்பி அனுப்பிய அன்று நான் ஒரே ஒரு தடவை கேட்டேன், "நெசமாவே ஆருக்குத்தான் குடுத்தீங்க" என்று. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. யாருக்குக் கொடுத்திருந்தாலும் என் புருஷன் என்று விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். எங்களுக்கு இனிமேல் தெம்பு இல்லை.

உங்கள் அன்புத் தங்கச்சி,
செல்வி


குன்னூர்
17.11.2024

மாப்பிள்ளை சங்கிலிக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

பாடியில் இருப்பது ஏ.டி. 7316. கேரியரில் 5208. பென்சிலில் தேய்த்து எடுத்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. உங்கள் துப்பாக்கி முப்பத்தாறு வருடமாக நம் அரசாங்கத்தின் கையில்தான் இருந்திருக்கிறது.

சில்வஸ்டர் செத்த மறுநாள் அவன் துப்பாக்கியும் உங்கள் துப்பாக்கியும் ஒன்றாக என் மேசைக்கு வந்தன. இரண்டும் ஒரே சேறு. உங்களுடையதைத் துடைத்துக் கொடுக்க வேண்டும், அவனுடையதை டிப்போவுக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் பிரித்து ஒரே வாளியில் கழுவி, நனைந்த சாக்கில் பரப்பினேன். மாட்டும்போது கேரியர் இரண்டும் மாறிவிட்டது. பாடி நம்பரில் சேறு அடைத்திருந்தது. சுரண்டச் சோம்பல்பட்டுக் கேரியரில் இருந்ததைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். உங்களுடையது டிப்போவுக்குப் போயிற்று. செத்தவனுடையது உங்கள் கைக்கு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. அங்கே பிரித்துப் பார்த்தவனும் என்னைப் போலவே கேரியரைப் பார்த்துக் கணக்கில் ஏற்றியிருப்பான்.

இதுவரை தப்பு. இதற்குப் பிறகு நான் செய்ததற்கு அந்தப் பேர் போதாது.

இரண்டு நாள் கழித்து நீங்கள் வந்து, "மச்சான், பாடியில நம்பர் வேறயா இருக்கே, என்னான்னு பாருங்க" என்றீர்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேரியர்ல உங்க நம்பர்தானுங்க இருக்கு, போங்க மாப்பிள்ளை" என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் என் வார்த்தையை நம்பிப் போனீர்கள். விசாரணையில் என்னைக் கூப்பிட்டு, நம்பர் பார்த்துத்தான் கொடுத்தாயா என்று கேட்டபோது எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது. "பார்த்துத்தான் கொடுத்தேன்" என்று சொன்னேன். விஜயா அப்போது ஏழு மாதம். ஒரு மாதத்தில் டிப்போவில் பார்ப்பார்கள், நம்பர் தானாக வெளியே வரும், நான் வாய் திறக்காமலே உங்கள் பேர் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு வருடம் போனபின் சொல்லலாமென்றால், ஒரு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்படியே வளர்ந்துவிட்டது.

மார்ச்சில் அதைப் பார்த்ததும் முதலில் துணியைப் போட்டு மூடினேன். ஜூனில் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேனே, மறந்திருப்பீர்கள் என்ற நப்பாசையில் கேட்டது. கிளறாதே என்று செல்வி எழுதியிருக்கிறாள். அதைப் படித்து ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிதான் என்னை இப்போது எழுத வைக்கிறது.

டிசம்பர் பதினாறாம் தேதி துப்பாக்கிகளை எடுத்துப் போக வருகிறார்கள். நீங்கள் சரி என்றால் அதற்கு முன் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். என் பென்ஷன் போனால் போகட்டும். ஒரு கேள்வி மட்டும். அன்று என்னிடம் வந்து சொன்னதை விசாரணையில் நீங்கள் ஏன் சொல்லவில்லை?

முத்துராஜ்


சேரங்கோடு
1.12.2024

மச்சானுக்கு,

சுகம். காகிதம் கிடைத்தது. நம்பரை விரலால் தடவிப் பார்த்தேன்.

எழுதிக் கொடுங்கள். எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நான் முந்திக்கொண்டால் மச்சானைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமே என்று நினைத்தேன். நீங்கள் "பார்த்துத்தான் கொடுத்தேன்" என்ற பிறகு, சிலோன்காரன் தப்பிக்க மச்சான் மேல் பழி போடுகிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஊருக்கு வந்தபின் செல்வியிடம் சொல்லியிருக்கலாம். தலைத் தீபாவளிச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். அதை நான் பிடுங்கவில்லை. இப்போதும் பிடுங்கமாட்டேன்.

அவளிடம் சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள்.

சங்கிலி


குன்னூர்
20.12.2024

மாப்பிள்ளைக்கு,

பதினாறாம் தேதி எழுதிக் கொடுத்துவிட்டேன். வந்திருந்த அதிகாரி சின்ன வயது, அந்த விசாரணை நடந்தபோது பிறந்துகூட இருக்கமாட்டார். இரண்டு தடவை படித்தார். எண்ணெய் வாங்கித் தேய்த்து, பாடி நம்பரைத் தானே வாசித்தார். மற்ற பதினொன்றும் லாரியில் ஏறிவிட்டன. 7316ஐத் தனியாகச் சீட்டுக் கட்டி, சீல் வைத்து, என் பேப்பரோடு எடுத்துப் போனார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய மனு இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்தில் போட்டு அனுப்பவும். எத்தனை நாளாகும், என்ன வரும் என்று அவர் சொல்லவில்லை.

இன்னொரு உறை செல்விக்கு. நவம்பரில் உங்களுக்கு எழுதியதை ஒரு வரி விடாமல் திருப்பி எழுதியிருக்கிறேன். அவள் கையில் கொடுங்கள்.

முத்துராஜ்


சேரங்கோடு
12.1.2025

முத்துராஜ் அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அண்ணிக்குக் கண் நன்றாகத் தெரிகிறதா, அதை மட்டும் அண்ணியைப் போனில் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். எனக்கு அது வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இவர் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். படித்து முடித்து நானும் போனேன். "உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன், என்னை மன்னிச்சுக்கங்க" என்றேன். இவருக்குக் கேட்கவில்லை. "என்ன" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. அப்புறம் கத்தியே சொன்னேன், நீங்க யாருக்கும் துப்பாக்கி குடுக்கல, எங்கண்ணன் மாத்திக் குடுத்துட்டாரு, நானும் உங்களை நம்பலன்னு. லயத்தில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். "ஏம்மா கத்துற, ஊரே பார்க்குது" என்றார். பார்க்கட்டும் என்றேன். முப்பத்தாறு வருடம் இவர் மௌனமாகக் காப்பாற்றியதை நான் இரண்டு நிமிடத்தில் கத்தித் தீர்த்துவிட்டேன். பொன்னாயி அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அன்று சாயங்காலம் இவர் டீக்கடைக்குப் போனார். ரொம்ப வருடமாகப் போகாத இடம்.

மனுவில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு நேற்றே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். பென்ஷன் வருமோ வராதோ, இனிமேல் பதினொரு மணிக்கு ரோட்டில் போய் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கூடலூர் பஸ்ஸில் இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறேன், குன்னூர் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் நீங்கள் அனுப்பிய சேலைகள். துவைத்து மடித்திருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைக் கட்டிக்கொண்டு, என் அண்ணனைப் பாருங்கள் என்று இவர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். இவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சேலைகளை இனி என்னால் தொட முடியாது.

மாம்பழக் கலர் சேலையை மட்டும் வைத்துக்கொண்டேன். அது நீங்கள் இரண்டு பேரும் கடல் தாண்டி அக்கரைக்குப் போகிறதற்கு முன்னால் எடுத்துக் கொடுத்தது. அது ஒன்றுதான் என் அண்ணன் கொடுத்த சேலை.

இப்படிக்கு,
சங்கிலி மனைவி செல்வி